மூன்றாம் பதிப்புக்கு ஐந்து பேர்

மூன்றாவது முறையும் சிவப்புதான் வந்தது.

யோருன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். மீன் விற்பனைச் சம்மேளனத்தின் கணினி அனுப்பியிருந்த பதில், முந்தைய இரண்டு தடவை வந்த அதே பதில்: 'உங்கள் நிரல் பழைய பதிப்பில் இயங்குகிறது. இணைப்பு மறுக்கப்படுகிறது.'

"மறுபடியுமா?" என்றான் பக்கத்து மேசை கெயிர், தலையைத் தூக்காமலே.

"மறுபடியும்தான்."

"விடுப்பா. ஈஸ்டருக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

யோருனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நார்வேயில் பிப்ரவரி பிறந்துவிட்டால் போதும், எதைக் கேட்டாலும் ஈஸ்டருக்கு அப்புறம். ஈஸ்டர் முடிந்தால் மே மாதத்து தேசிய விழா குறுக்கே வரும். அது முடிந்தால் கோடை விடுமுறை. ஆகஸ்டில் எல்லோரும் வெயிலில் சிவந்த மூக்குடன் திரும்பி வந்து, "அந்த வேலை என்னாச்சு?" என்று ஆச்சரியத்தோடு கேட்பார்கள்.

ஸ்கார்விக் துறைமுகத்தில் மீன் பெட்டி அடுக்கும் கிடங்குக்கு மேலே இரண்டு அறைகள். அதில் ஐந்து பேர். கடலில் இருக்கும் படகு, பிடித்த மீனின் கணக்கைக் கரைக்கு வருமுன்பே அனுப்பிவிடும். அதை, சம்மேளனத்தின் கணினியோடு இணைந்து, வலைத்தளத்தில் ஏலம் விடும் நிரல் இவர்களுடையது. அந்த நிரலை எழுதிய கணினி மொழிதான் இப்போது தலைவலி. மொழியை உருவாக்கியவர்கள் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. 'இரண்டாம் பதிப்பில் எழுதியதெல்லாம் மூன்றில் அப்படியே ஓடாது, திருத்திக்கொள்ளுங்கள்' என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். உலகமே திருத்திக்கொண்டது. ஸ்கார்விக்கில் மட்டும் ஈஸ்டருக்கு அப்புறம்.

இரண்டாம் பதிப்புக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. ஓட்டை இருந்தால் இருந்ததுதான். அதனால் சம்மேளனம் கறாராக ஒரு கெடு வைத்துவிட்டது: வரும் புதன்கிழமை நண்பகல். அதற்குப் பிறகு பழைய பதிப்புக்காரர்களுக்குக் கதவு தானாகவே சாத்திக்கொள்ளும்.

கதவு சாத்தினால் படகுகள் ஒன்றும் காத்துக்கொண்டு நிற்காது. நிறுவனத்தின் நிர்வாகக் குழு தலைநகர் ஒஸ்லோவிலிருந்து ஆயத்த நிரல் ஒன்றை வாங்கிப் போட்டுவிடும். அதை ஓட்ட ஸ்கார்விக்கில் ஆள் தேவையில்லை. கிடங்கு மாடி அறைகளைப் பூட்டிவிடலாம். யோருனின் கணவன் இந்த ஊரிலிருந்து அக்கரைக்குப் போகும் கார்களை ஏற்றிச்செல்லும் படகில் இயந்திரம் பார்ப்பவன். மகள் இங்கே பள்ளிக்கூடம் போகிறாள். இந்த அறைகளை விட்டால் யோருன் படித்த படிப்புக்கு இந்தத் தீவில் வேறு வேலை கிடையாது.

அதனால்தான் ஒட்வாரின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

ஒட்வார் மேலாளர். ஆனால் பத்து வருடத்தில் யாரையும் 'இதைச் செய்' என்று சொன்னதில்லை. 'இப்படிச் செஞ்சா நல்லா இருக்குமோ?' என்பார். பதில் வராவிட்டால், எல்லோரும் யோசிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஜன்னலுக்கு வெளியே அவருடைய கார் நின்றது. ஈஸ்டருக்கு மலை வீட்டுக்குப் போவதற்காகக் கூரையில் பனிச்சறுக்குக் கட்டைகளை ஏற்றிக் கட்டியாயிற்று.

"ஒட்வார், எனக்கு ஆள் வேணும். ஆளுக்கு இன்ன இன்ன கோப்புன்னு பிரிச்சுக் குடுத்துடுங்க. நான் ஒருத்தியா இதை முடிக்க முடியாது."

"பிரிச்சுக் குடுக்கறதா..." ஒட்வாரின் முகம் சுருங்கியது. "அது ஒரு மாதிரி இருக்கும் யோருன். மேல இருந்து சொல்ற மாதிரி."

"நீங்க மேலதானே இருக்கீங்க?"

"அப்படி இல்ல..." என்றவர் சட்டென்று நிமிர்ந்தார். "டூக்னாட் வெச்சா என்ன?"

அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அப்புறம் நார்வேயில் யாரும் மறுத்துப் பேச முடியாது. குடியிருப்பின் முற்றத்தைக் கூட்ட, பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிக்க, படகுத் துறையில் பலகை மாற்ற, எதற்கும் டூக்னாட்தான். கூலி இல்லாத கூட்டுவேலை. வந்தவர்கள் கையில் அகப்பட்டதைச் செய்வார்கள், வாஃபிள் என்ற இனிப்பு அப்பம் தின்பார்கள், போவார்கள். யார் எவ்வளவு செய்தார்கள் என்று கேட்பது அநாகரிகம்.

"நாளைக்கு சனிக்கிழமை. எல்லாரும் வருவாங்க பாரு!" என்றார் ஒட்வார், இளைஞனைப் போல.

வந்தார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். நிரல் எழுதும் இன்னொருத்தியான தீரில், வாஃபிள் மாவு கரைத்துக்கொண்டு வந்தாள். கெயிர் வீட்டிலிருந்து வாஃபிள் அச்சையும் பழுப்புப் பாலாடைக்கட்டி ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தான். ஐந்து பேரில் மூத்தவரான ஹால்வர் வழக்கம்போல ஓசைப்படாமல் வந்து மூலையில் உட்கார்ந்தார். ஒட்வார் ஏப்ரான் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் காபி ஊற்றினார்.

"ஒரு விஷயம்," என்றார் கெண்டியும் கையுமாக. "ஒவ்வொருத்தரும் செய்யற மாத்தம் அவங்கவங்க பேருல பதிவாகுமே. யார் நிறைய செஞ்சா, யார் கம்மியா செஞ்சான்னு போட்டி மாதிரி ஆயிடும். இன்னைக்கு மட்டும் எல்லாரும் ஒரே பேருல பதிவு பண்ணலாமா? 'டூக்னாட்'னு ஒரு கணக்கு திறந்து வெச்சிருக்கேன்."

"அழகா இருக்கு!" என்றாள் தீரில்.

யோருனுக்கு இது பிடிக்கவில்லை. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதிவுதானே இந்தத் தொழிலுக்கு உயிர்? வாயைத் திறந்தாள். அதற்குள் கெயிர் அவள் கையில் சூடான வாஃபிள் ஒன்றைத் திணித்தான்.

"தின்னுட்டுப் பேசு. முகத்தைப் பாத்தா நேத்துலேர்ந்து சாப்பிடாத மாதிரி இருக்கு."

எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள். அவள் வாஃபிளைத் தின்றாள்.

சுவரில் பெரிய திரை. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு விளக்கு. மூன்றாம் பதிப்பில் ஓடினால் பச்சை, ஓடாவிட்டால் சிவப்பு. காலையில் திரை முழுக்கச் சிவந்து கிடந்தது. அங்கொன்று இங்கொன்றாகப் பச்சை முளைத்தது. மதியத்துக்குப் பிறகு மளமளவென்று பரவியது.

"இந்தப் பக்கம் நாலு!" என்று கெயிர் கத்துவான்.

"இங்க ஆறு! வாஃபிள் கொண்டா!" என்பாள் தீரில்.

யோருன் ஒரு கோப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பழைய பதிப்பில் ஏழை இரண்டால் வகுத்தால் மூன்று என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். புதியது மூன்றரை என்று நேர்மையாகச் சொல்லும். நேர்மைதான் சங்கடம். மிச்சம் விழுங்கப்படும் என்று நம்பி எழுதிய கணக்குகள் நிரல் முழுக்க இருந்தன. ஒவ்வொன்றையும் படித்து, எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்று ஊகிக்க வேண்டும். அவள் ஒன்றை முடிப்பதற்குள் மற்றவர்கள் பத்து முடித்திருந்தார்கள். நான்தான் மந்தமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

பொழுது சாயுமுன் திரை முழுக்கப் பச்சை.

கைதட்டினார்கள். ஒட்வார் கண் கலங்கினார். திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "பாத்தியா யோருன், பயந்தியே!" என்று அவள் தோளில் தட்டிவிட்டு அவர் நேரே காரில் ஏறி மலைக்குப் போய்விட்டார். அன்றிரவு யோருன் பல வாரங்களுக்குப் பிறகு ஒழுங்காகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை காலை நிரலைச் சம்மேளனத்துக்கு அனுப்பினாள். காபி ஆறுவதற்குள் பதில் வந்தது.

சிவப்பு.

இந்தத் தடவை வாசகம் வேறு. 'உங்கள் நிரலில் பல கோப்புகள், புதிய பதிப்பிலும் பழைய நடத்தையைக் கோருகின்றன. இணைப்பு மறுக்கப்படுகிறது.'

ஒரு கோப்பைத் திறந்தாள். தலையில் ஒரே ஒரு வரி புதிதாக உட்கார்ந்திருந்தது: 'பழையபடியே ஓடு.' அடுத்ததைத் திறந்தாள். அதிலும். அதற்கடுத்ததிலும்.

மொழியை உருவாக்கியவர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்த வரி அது. குடிமாறுகிறவன் புது வீடு பழகும்வரை பழைய வீட்டுச் சாவியையும் வைத்துக்கொள்வது போல. அந்த வரியைப் போட்டுவிட்டால், மூன்றாம் பதிப்பு அந்தக் கோப்பை மட்டும் இரண்டாம் பதிப்பின் கண்ணோடு படிக்கும். ஓட்டைகளோடு சேர்த்து. விளக்கு பச்சையாகிவிடும். உள்ளே ஒரு எழுத்தும் மாறியிருக்காது.

பாதிக்கு மேற்பட்ட கோப்புகளில் அந்த வரி இருந்தது.

"கொஞ்சம் எல்லாரும் இங்க வரீங்களா?"

கெயிரும் தீரிலும் ஹால்வரும் வந்தார்கள். தீரில் ஏற்கனவே மேலங்கியை மாட்டியிருந்தாள்.

"இதைப் போட்டது யாரு?"

ஹால்வர் ஜன்னல் வழியே துறைமுகத்தைப் பார்த்தார்.

"திட்டறதுக்குக் கேக்கலை. எந்த இடத்துல என்ன சிக்கல் வந்துச்சு, எதுக்காகப் போட்டீங்கன்னு தெரிஞ்சாதானே நான் சரி பண்ண முடியும்?"

"கூட்டுவேலைல போய் யார் என்ன செஞ்சாங்கன்னு கேக்கறது நல்லா இல்ல யோருன்," என்றாள் தீரில், மெதுவாக, ஒரு குழந்தைக்குச் சொல்வது போல.

"வேணும்னா பதிவுல பாத்துக்கோயேன்," என்றான் கெயிர்.

"பதிவுல 'டூக்னாட்'னு இருக்கு!"

"அப்ப டூக்னாட்டையே கேளு."

தீரில் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, எங்கோ பார்த்துக்கொண்டு, "யாராவது போட்டிருந்தா... அப்படிப் போட்டிருந்தாங்கன்னு வெச்சுக்க... விளக்கு பச்சையாகணும்னுதான் போட்டிருப்பாங்க. பச்சையாக்கறதுதானே வேலைன்னு சொன்ன?" என்றாள்.

உண்மைதான். சனிக்கிழமை காலை திரையைக் காட்டி யோருன் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

சம்மேளனத்துக்குத் தொலைபேசியில் பேசி ஒரு வாரம் கெடு கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தாள். இதற்குப் பொறுப்பாக இருந்த அம்மாளின் எண்ணில் இனிமையான குரல் ஒன்று, 'நான் விடுமுறையில் இருக்கிறேன், ஈஸ்டருக்குப் பிறகு அழையுங்கள்' என்றது. கதவைச் சாத்த மனிதர் யாரும் வேண்டியதில்லை. திறந்து வைக்கத்தான் ஆள் வேண்டும். அந்த ஆள் பனியில் இருக்கிறாள்.

ஒட்வாரைக் கூப்பிட்டாள். காற்று இரைந்தது.

"யாரையும் குத்தம் சொல்லாம, எல்லாரும் உக்காந்து ஒருதடவை பேசினா நல்லா இருக்குமோ?" என்றார் ஒட்வார்.

"எங்க உக்காந்து? நீங்க மலை மேல இருக்கீங்க!"

"அதான்... வந்ததுக்கு அப்புறம்..."

யோருன் தொலைபேசியை வைத்தாள். நிரலைத் திறந்தாள். 'பழையபடியே ஓடு' என்ற வரி எங்கெல்லாம் இருக்கிறதோ அத்தனை இடத்திலும் ஒரே கட்டளையில் நீக்கினாள். சுவர்த் திரை காட்டுத்தீ போலச் சிவந்தது.

"அய்யய்யோ!" என்றாள் தீரில், தன் வீடே எரிவதைப் போல.

"கெயிர், விலைக் கணக்கெல்லாம் உன்னோடது. தீரில், படகுப் பேரும் துறைமுகப் பேரும் உன்னோடது. புது வெர்ஷன் நம்ம நார்வே மொழிக்கே உரிய எழுத்துங்களைப் பாத்தா மிரளுது, எல்லாத்தையும் ஒண்ணு விடாம சரி பண்ணணும். மிச்சம் எனக்கு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யாரும் மலைக்குப் போகக் கூடாது. அவங்கவங்க பேருலதான் பதிவு. அந்த வரியை யாராவது திரும்பப் போட்டா நேரா வந்து நிப்பேன்."

அந்த அறையில் இப்படி ஒரு குரலை யாரும் கேட்டதில்லை. கெயிரின் காது சிவந்தது.

"நீ என்ன, எங்க மேனேஜரா?"

"மேனேஜர் பனில சறுக்கிக்கிட்டு இருக்கார். அவர் எறங்கி வர்ற வரைக்கும் நான்தான்."

"என் பொண்டாட்டி வண்டில மூட்டையெல்லாம் ஏத்தி வெச்சிட்டா."

"ஒரு நாள் வண்டிலயே இருக்கட்டும். புதன்கிழமை இது சிவப்பா இருந்தா, நீ வேலை தேடிப் போய் அந்த மூட்டையை ஒஸ்லோவுலதான் எறக்கணும்."

கெயிர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தான். தீரில் மேலங்கியைக் கழற்றினாள். அன்று முழுக்க யாரும் யாரோடும் பேசவில்லை. மதியம் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அவரவர் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றார்கள். ஆனால் வேலை நடந்தது. உண்மையான வேலை. விளக்குகள் சனிக்கிழமை போல மளமளவென்று மாறவில்லை. ஒவ்வொன்றாக, இழுத்துக்கொண்டு, பச்சையாயின.

செவ்வாய்க்கிழமை மதியம் தீரில் போனாள். கெயிரும் போனான்; போகும்போது, "நல்ல ஈஸ்டர்," என்று கதவிடம் சொல்லிவிட்டுப் போனான். திரையில் ஒரே ஒரு சிவப்பு மிச்சம்.

தொலைபேசி ஏலம்.

ஹால்வரின் கோப்பு அது. வலைத்தளம் வருவதற்கு முன்னால், வெளிநாட்டு வியாபாரிகள் தொலைபேசியில் எண்களை அழுத்தி ஏலம் கேட்பதற்காக அவர் எழுதியது. எவ்வளவு உருட்டினாலும் முடியாத நீளம். வருடா வருடம் ஒட்டுப்போட்டு, ஒட்டின் மேல் ஒட்டுப்போட்டு, இரண்டாம் பதிப்பின் ஒவ்வொரு கோணல் குணத்தையும் நம்பி நிற்கிற கோப்பு. யோருன் இந்த ஒன்றோடு மட்டும் ஒரு மாதமாக முட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் நிமிர்த்தினால் இன்னொரு பக்கம் சாய்ந்தது.

எதிர் மூலை மேசையில் ஹால்வர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மலை வீடு கிடையாது. ஈஸ்டருக்கு ஆரஞ்சுப் பழமும் துப்பறியும் நாவலும் வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருப்பவர்.

"ஹால்வர், இதை நாளைக்குள்ள மாத்த முடியுமா? உண்மையைச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். "முடியாது."

"அப்ப எடுத்துடலாமா?"

"எடுக்கறதா? ஓடிக்கிட்டு இருக்கறதையா?"

அதுதான் பிரச்சினை. யோருனும் முன்பே பார்த்திருந்தாள். மாதாந்திரப் பயன்பாட்டு அறிக்கையில் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் யாரோ ஒருவர் தொலைபேசி ஏலத்துக்குள் வந்துபோவது பதிவாகியிருந்தது. ஒருவர் வந்தாலும் வாடிக்கையாளர் வாடிக்கையாளர்தான். அதை நம்பித்தான் இந்தக் கோப்பை அவள் கட்டி அழுதுகொண்டிருந்தாள்.

"அந்தத் திங்கக்கிழமை ஆள் யாருன்னு சொல்லுங்க. நானே பேசறேன். காலுல விழுந்தாவது அவரை வலைத்தளத்துக்கு வரச் சொல்றேன்."

ஹால்வர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அவர்கிட்ட பேச வேண்டியதில்ல."

"ஏன்?"

"அது நான்தான்."

யோருன் புரியாமல் பார்த்தாள்.

"வேலை செய்யுதான்னு பாக்க வேண்டாமா? திடீர்னு யாராவது கூப்பிட்டா, ஓடலைன்னா நம்ம பேரு என்னாகறது? அதான் திங்கக்கிழமை வந்ததும் ஒருதடவை போன் போட்டு, ஒரு பெட்டி காட் மீன் கேட்டுட்டு வெச்சிடுவேன்."

"வேற யாரும் கூப்பிடறதில்லையா?"

"அந்த போர்ச்சுகல்காரர் இருந்தாரே, உப்புக் கருவாட்டுக்கு வாங்குவார்... கடையைப் பையன்கிட்ட குடுத்ததுக்கு அப்புறம் அவர் கூப்பிடலை."

"பையன்?"

"பையன் வலைத்தளத்துலதான் வாங்கறான். நல்ல பையன்."

யோருன் எழுந்து நின்றாள். பிறகு அவளுக்கே தெரியாமல் குரல் உயர்ந்தது. கீழே கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்க்கும் அளவுக்கு.

"ஒரு மாசம்! ஒரு மாசமா இந்தக் கோப்போட முட்டி மோதிக்கிட்டு இருக்கேன் ஹால்வர்! தினம் எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? யாருமே பயன்படுத்தாத ஒண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலையே."

"கேக்கலையா!"

"நீ பாட்டுக்கு மும்முரமா செஞ்சுக்கிட்டு இருந்த. அடுத்தவங்க வேலைல நடுவுல புகுந்து பேசறது நல்லாவா இருக்கும்?" அவர் நிஜமாகவே வருத்தத்தோடு கேட்டார். "அதுவும் என் கோப்பைக் காப்பாத்தறதுக்கு இவ்வளவு பாடுபடறியேன்னு... எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

அவள் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். இந்த மனிதரை என்ன செய்வது? அடிக்கவும் முடியாது, அழவும் முடியாது.

"எதை எடுக்கறதா இருந்தாலும் எல்லாரும் உக்காந்து பேசி, எல்லாரும் சரின்னாத்தான் எடுக்கறது வழக்கம்," என்றார் ஹால்வர்.

"எல்லாரும் மலைல இருக்காங்க. இங்க இருக்கறது நாம ரெண்டு பேர். எனக்குச் சரி. உங்களுக்கு?"

ஹால்வர் திரையில் இருந்த அந்த ஒற்றைச் சிவப்பைப் பார்த்தார். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

"நான் காபி போடறேன்," என்றார். வாசலில் நின்று, திரும்பாமல், "அதுக்குள்ள முடிச்சுடு."

யோருன் ஹால்வரின் கோப்பை அழித்தாள்.

திரை மொத்தமும் சிவந்தது.

ஒன்றிரண்டு இல்லை. விலைக் கணக்கு, எடைக் கணக்கு, கெயிர் திருத்தியது, தீரில் திருத்தியது, எல்லாம். இரண்டு நாள் உழைப்பு கண்ணெதிரே கவிழ்ந்தது.

"ஹால்வர்!"

அவர் இரண்டு கோப்பைகளோடு வந்து திரையைப் பார்த்தார். "ஆமாமா. பிடிச்ச மீனைப் பெட்டிக்குப் பெட்டி பிரிக்கற கணக்கு அதுக்குள்ளதான் இருக்கு. எல்லா கோப்பும் அங்கேர்ந்துதான் கடன் வாங்குது. உன்கிட்ட சொல்லலையா?"

"இல்ல! நீங்க எதையும் யார்கிட்டயும் சொல்றதில்ல!"

திட்டு வாங்குவது பழகிவிட்டதோ என்னவோ, இந்தத் தடவை அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. காபியை வைத்துவிட்டுத் தன் நாற்காலியை அவள் மேசைக்கு இழுத்துப் போட்டார்.

"புதுசா ஒரு கோப்பு திற. சின்னதா. பெட்டிக் கணக்கு மட்டும் எழுதுவோம். மிச்சம் வந்தா என்ன செய்யணும்னு நான் சொல்றேன், அதைப் புது வெர்ஷன்ல எப்படிச் சொல்லணும்னு நீ சொல்லு."

"மிச்சம் வந்தா என்ன செய்யறதாம்?"

"கடைசிப் பெட்டில போடணும். பழசு விழுங்கிடும்ல, அதனால முன்னாடியே ஒரு பெட்டி கூடச் சேத்து, அப்புறம் கழிச்சு... சுத்தி வளைச்சு எழுதியிருந்தேன். இப்ப அந்தச் சுத்தல் தேவையே இல்ல போலிருக்கே."

"தேவையே இல்ல."

"அட!" என்றார் ஹால்வர். அத்தனை வருடம் சுமந்த மூட்டையில் கல்தான் இருந்தது என்று கண்டுகொண்டவர் போல.

நடுநடுவே சண்டை போட்டுக்கொண்டார்கள். அவர் பழைய வழியிலேயே எழுதப் பார்த்தார், இவள் அழித்தாள். இவள் அவசரப்பட்டு எடையை மறந்தாள், அவர் திருத்தினார். சாப்பாட்டு நேரம் தாண்டியது. கணவன் இரண்டு தடவை கூப்பிட்டான். கடைசியில் திரை பச்சையாயிற்று. எந்தக் கோப்பின் தலையிலும் அந்த வரி இல்லை. ஒன்று விடாமல் திறந்து பார்த்துவிட்டுத்தான் யோருன் வீட்டுக்குப் போனாள்.

புதன்கிழமை காலை, அனுப்பினாள். கெடு நண்பகல். சம்மேளனத்தின் கணினி வரிசையில் இவர்களைப் போலவே கடைசி நேரத்தில் விழித்துக்கொண்ட கூட்டம் போலும், பதில் வரவில்லை. ஹால்வர் ஆரஞ்சு ஒன்றை உரித்து ஒவ்வொரு சுளையாகத் தின்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று யோருன் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கீழே கிடங்குக் கதவை இழுத்துப் பூட்டும் சத்தம் கேட்டது. ஈஸ்டர் விடுமுறைக்காக ஊரே நண்பகலோடு கடையைக் கட்டுகிற நாள்.

பதில் வந்தது.

'மூன்றாம் பதிப்பு. இணைப்பு ஏற்கப்பட்டது.'

அவள் அதை இன்னொரு தடவை படித்தாள். ஹால்வர் எட்டிப் பார்த்து, "ம்," என்று தலையாட்டினார்.

தொலைபேசி அடித்தது. ஒட்வார். அவருக்கும் ஒரு நகல் போயிருந்தது.

"யோருன்! அற்புதம்! சொன்னேன் பாத்தியா? சனிக்கிழமை டூக்னாட் பலன் குடுத்துச்சு! நிர்வாகக் குழுவுக்கு இப்பவே எழுதறேன், எல்லாரும் சேந்து செஞ்ச வேலைன்னு. அந்தப் படத்தையும் சேத்து அனுப்பறேன். என்ன ஒரு கூட்டுவேலை!"

சரி என்று சொல்லிவிட்டால் போகும். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். யோருனும் போன வாரம்வரை அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

"இல்ல ஒட்வார். சனிக்கிழமை செஞ்சதுல பாதியைத் திங்கக்கிழமை நானே தூக்கிப் போட்டேன். இது கெயிரும் தீரிலும் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும் உக்காந்து செஞ்சது. மிச்சம் நானும் ஹால்வரும். தொலைபேசி ஏலத்தை எடுத்துட்டோம். யாரையும் கேக்கலை. பேரோட எழுதுங்க."

ஒட்வார் இழுத்தார்.

"பேரு போட்டா... ஒரு மாதிரி இருக்காதா? மத்தவங்க என்ன நெனப்பாங்க?"

"நெனைச்சுக்கட்டும். நெனைக்கறதுக்கு, வேலை போகாம, இங்கயே உக்காந்திருப்பாங்கல்ல, அது போதும்."

வைத்துவிட்டுத் திரும்பினாள். ஹால்வர் ஆரஞ்சுத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு சங்கடத்தோடு நெளிந்தார்.

"என் பேரை எதுக்கும்மா இழுத்த? பெரிய வேலையா செஞ்சேன்? அழிக்க விட்டேன், அவ்வளவுதானே."

"இந்த ஆபீஸ்ல அதை யாரு செஞ்சிருக்கா ஹால்வர்?" என்றாள் யோருன், சுவர்த் திரையை அணைத்துக்கொண்டே. "எழுந்திருங்க. வீட்ல எறக்கி விடறேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தொப்பியைத் தேடினார். அது கிடைக்க வெகுநேரம் ஆயிற்று.